தெற்கே தள்ளினால் நேற்று

4-6-1973, திங்கள்

பள்ளி திறந்தது. மூன்றாம் வகுப்பில் ஐம்பத்து மூன்று பிள்ளைகள். என் மகள் லூர்துவை இந்த வருடமும் என் வகுப்பிலேயே கடைசி வரிசையில் உட்கார வைத்துக்கொண்டேன். காது கேட்காத பிள்ளை எங்கே உட்கார்ந்தால் என்ன என்று ஹெட்மாஸ்டர் விட்டுவிட்டார். பலகையில் நான் எழுதுவதை அச்சு மாதிரி பார்த்து எழுதுகிறாள். என்ன எழுதினோம் என்று தெரியாது. ஒன்பது வயது. அவளுக்கு எழுத்தும் ஒரு படம்தான்.

மத்தியானம் ரயில் பாதையில் ட்ராலி போயிற்று. நாலு பேர் தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே தள்ள, இன்ஸ்பெக்டர் குடைக்கடியில் உட்கார்ந்து வரும் சின்ன வண்டி. லூர்து ஓடிப்போய்ச் சன்னலில் ஒட்டிக்கொண்டாள். மணி அடித்தும் வரவில்லை. மணி அவளுக்கு ஏது?

10-6-1973, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து லூர்துவுக்கு அழுகை. தெருவில் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள், இவளைச் சேர்ப்பதில்லை. பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். இரட்டைச் சடை, பை வைத்த கவுன், ஒரு சிறுமி. அந்த ட்ராலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தள்ள ஆள் இல்லை, அதுவாகவே ஓடுகிறது. அழுகை நின்றது. எங்கே போகிறாள் என்று கையால் கேட்டாள்.

எங்கே அனுப்புவது? ஒன்றும் தோன்றாமல், அடுத்த கட்டத்தில் பாதையோரப் பனைமரத்தைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டேன். அதற்கடுத்ததில் இன்னும் குட்டை. பிறகு வெறும் வடலி. லூர்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று என் முகத்தைப் பார்த்து, தோளுக்குப் பின்னால் கையை வீசிக் காட்டினாள். எங்கள் வீட்டில் அது 'முன்பு'. நேற்று, போன வருடம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சைகைதான்.

புரிந்துவிட்டது. சடைக்காரி முன்காலத்துக்குப் போகிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது!

24-6-1973, ஞாயிறு

கோடில்லாத நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். சட்டம் இதுதான்: ட்ராலி தெற்கே போனால் நேற்று, வடக்கே போனால் நாளை. போன வாரம் சடைக்காரி முந்நூறு வருடம் பின்னால் போய், பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கப்பலில் துணி மூட்டைக்குள் ஒளிந்தாள். தாடிக் கப்பல்காரன் ஒவ்வொரு மூட்டையாக வாளால் குத்திப் பார்க்கிறான். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை, எல்லாம் படம்தான்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அந்தத் தாடிக்காரன் கையில சிக்கிக்கினாளா, தப்பிச்சாளா, அத்த மொதல்ல சொல்லு டீச்சரு. நாஷ்டா கூட எறங்கல எனக்கு."

"இன்னும் வரையலக்கா."

"இன்னா ஆளும்மா நீ! வாள எடுக்க வச்சிட்டு அப்படியே உட்டுட்டியே!"

15-7-1973, ஞாயிறு

இன்று ஒன்று பார்த்தேன். எழுதி வைக்க வேண்டும்.

லூர்து நோட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். படத்தில் சில இடம் அவர்களுக்குப் புரியவில்லை. இவள்தான் விளக்கினாள். தாடியைத் தடவி, வாளை உருவி, மூட்டைக்குள் மூச்சைப் பிடித்து, கண்ணை உருட்டி. எல்லாப் பிள்ளைகளும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் "இன்னொரு தபா" என்று ஒரு விரலைக் காட்டினான்.

அவளைச் சுற்றி இத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

4-8-1973, சனி

வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். ரோலிங் மில்லில் லீவு போட்டுவிட்டு, நோட்டை மதராசுக்குக் கொண்டுபோய்த் தன் தம்பி யேசுதாசிடம் கொடுத்திருக்கிறார். யேசுதாஸ் அச்சுக் கோக்கிற பிரஸ்ஸில்தான் ஒரு சிறுவர் மாத இதழ் அச்சாகிறது. ஆசிரியரே பார்த்தாராம்.

"உன் அண்ணிக்கு நல்ல கைன்னாராம் ரோசா! மாசம் எட்டுப் பக்கம் போடலாமாம். ஒண்ணே ஒண்ணு. பேச்சு எழுதணுமாம். பேச்சு இல்லாம பசங்களுக்கு இன்னா வெளங்கும்னு கேட்டாராம்."

நான் வரைந்தது புத்தகத்தில் வருமா? பாக்கியராஜ் என்கிற மில் தொழிலாளியின் பெண்சாதி, வயல் வேலை பார்த்த சாலமோன் மகள் ரோசம்மாள் வரைந்தது? சிரிப்பாக இருந்தது. சாயங்காலம் முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

13-8-1973, திங்கள்

கோதைநாயகி டீச்சர் இன்று மதிய உணவின்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி வருகிறார். அதிகம் பேசமாட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. என் அத்தை பொண்ணு மதராஸ்ல காது கேக்காத குழந்தைகளுக்கான ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. ஹாஸ்டலும் உண்டு. லூர்துவைப் பத்து பதினோரு வயசுக்குள்ள சேர்த்துட்டா படிக்க வந்துடும்ங்கறா."

"ஹாஸ்டலா? வேண்டாம் டீச்சர். என்னை விட்டு அவ இருக்கமாட்டா."

"அவ இருக்கமாட்டாளா, நீங்க இருக்கமாட்டேளா?"

எழுந்து டப்பாவைக் கழுவப் போய்விட்டேன். அவருக்கு என்ன தெரியும்? ஒரு தரம் விட்டுவிட்டுப் போனதற்குத்தானே இது.

20-8-1973, திங்கள்

நோட்டிலேயே பதினாறு பக்கத்துக்குப் பேச்சு எழுதி முடித்தேன். எல்லார் வாயிலிருந்தும் வட்டம் வட்டமாக வார்த்தை. "ஐயோ, கப்பல்!" "யார் அங்கே?" படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

26-8-1973, ஞாயிறு

நோட்டைக் கிழித்துவிட்டாள்.

வேப்பமரத்தடியில் வழக்கம்போலப் பிள்ளைகள். லூர்து நோட்டைத் திறந்து கையைத் தூக்கினாள். ஆனால் ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. பேச்சை உரக்கப் படிக்கிறார்கள், படித்துப் படித்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தன் நோட்டை அவள் மடியிலிருந்து தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். இனி அவள் சொல்ல வேண்டியதில்லையே. அவள் அசையும் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் நோட்டைப் பிடுங்கினாள்.

உள்ளே வந்து ஒவ்வொரு வட்டமாக விரலால் குத்திக் காட்டி, தன் காதில் அடித்துக்கொண்டாள். சடைக்காரியும் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசுவதும் இனி இவளுக்குக் கேட்காது.

நான் இன்னா பாவி. ஒரே ஒரு எடம் இருந்துச்சு அவளுக்கு. அதுலயும் கொண்டாந்து வாய வச்சேனே.

1-9-1973, சனி

ஆசிரியருக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். வீட்டுக்காரருக்குத்தான் வருத்தம். "இன்னா பேஜாரு ரோசா இது. புத்தகத்துல உன் பேரு வரும்ல?" என்றார். கிழிந்த தாள்களைக் காட்டினேன். கடைக்குப் போய்ப் புது நோட்டு வாங்கி வந்து வைத்தார்.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி வரைகிறேன். வட்டம் இல்லாமல்.

7-10-1973, ஞாயிறு

லூர்து ஐந்து வாரமாக நோட்டைத் தொடவில்லை. இன்று தொட்டாள். எடுத்துப் பார்த்து, பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூலையில் போய்க் குந்தினாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து காட்டினாள். ட்ராலி தெற்கே போகிறது. பனை குட்டையாகிறது. ஆனால் அவள் படத்தில் சடைக்காரியும் சின்னவளாகிறாள்! ஒன்பது, எட்டு, ஏழு என்று சடை குட்டையாகிக்கொண்டே வருகிறது. காலம் பின்னால் போனால் ஆளும் சின்னதாகத்தானே வேண்டும்? டீச்சராக இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. சிரித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் சடையே இல்லாத நாலு வயதுக் குழந்தை. அதன் காதைத் தொட்டாள். தன் காதைத் தொட்டாள். கையை விரித்தாள்.

எனக்கு எப்போது போயிற்று? ஏன்?

நாளைக்கு என்று சைகை காட்டினேன். வேறென்ன காட்ட?

14-10-1973, ஞாயிறு

நாளை நாளை என்று ஒரு வாரம். தினமும் நோட்டைத் திறந்து அந்தக் குழந்தையைக் காட்டுகிறாள்.

வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. 1968 ஏப்ரல் கடைசி. திருவள்ளூரில் டீச்சர் டிரெயினிங் கடைசிப் பரீட்சை, திங்கள் முதல் வெள்ளி வரை. ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அவள் இங்கே அவரிடம். வெள்ளி சாயங்காலம் வந்தால் வீடு பூட்டியிருந்தது. மதராஸ் ஆஸ்பத்திரியில் போய் லூர்து என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை திடீரென்று ஜுரம், உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று அவர் சொன்னார்.

நான் இல்லாத நாளை நான் எப்படி வரைவது?

4-11-1973, ஞாயிறு

கேட்டேன். அவளைக் குப்பம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம் சாப்பிட்ட பிறகு கேட்டேன்.

"அந்த அஞ்சு நாளைச் சொல்லுங்க. அவ கேக்கிறா, வரையணும்."

"இன்னாத்துக்கு இப்ப அது?"

"எந்தப் பாயில படுக்க வச்சீங்க, இன்னா குடுத்தீங்க, எல்லாம் சொல்லுங்க. வியாழக்கிழமை காலையிலேர்ந்து."

தட்டைத் தள்ளி வைத்தார். "திங்கக்கிழமை ரோசா."

"இன்னா?"

"திங்கக்கிழமையே சூடு. செவ்வாக்கிழமை குப்பம்மா சொல்லிச்சு, ரோசாவுக்குத் தந்தி குடுத்துடு நைனான்னு. தபாலாபீஸ் போனேன். தந்தி பாரம் வாங்கி எழுதினேன். சன்னல்கிட்ட போய் நின்னேன். ரெண்டு வருசம் நீ பட்டது அப்படியே கண்ணுல நின்னுச்சு. தந்தியப் பார்த்தா பேனாவ வச்சிட்டு ஓடியாந்துடுவேன்னு தெரியும். பாரத்த மடிச்சி ஜோபில வச்சிக்கினு திரும்பி வந்துட்டேன். கம்பவுண்டர் ஊசி போட்டாரு, எறங்கிடும்னாரு. வியாழக்கிழமைதான் கை காலெல்லாம் இழுத்துச்சு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அஞ்சு வருசம்! அஞ்சு வருசமா என்கிட்ட வியாழக்கிழமை வியாழக்கிழமைன்னு சொல்லிக்கினு. நான் வந்திருக்க மாட்டேனா? எவளுக்கு வேணும் பரீட்சை. எவளுக்கு வேணும் இந்த டீச்சர் வேலை.

5-11-1973

பேசவில்லை.

6-11-1973

பேசவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

9-11-1973, வெள்ளி

ஒன்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தந்தி வந்திருந்தால்? ஓடி வந்திருப்பேன். வந்து? அதே கம்பவுண்டரிடம்தான் நானும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். சளி ஜுரம் என்றிருந்தால் நானும் நம்பியிருப்பேன். அல்லது நம்பாமல் மதராசுக்குத் தூக்கியிருப்பேனோ? தெரியாது. யாருக்கும் தெரியாது. ட்ராலி எல்லாம் நோட்டில்தான் ஓடும்.

நான் போனதற்கு நான் அழுதுகொண்டிருந்தேன். கூப்பிடாததற்கு அவர். ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

ஷிப்ட் முடிந்து வந்தவருக்குத் தண்ணீர் எடுத்துவைத்தேன். வாங்கிக் குடித்தார். "இன்னும் ஒரு சொம்பு குடு" என்றார். கொடுத்தேன்.

2-12-1973, ஞாயிறு

வரைந்துகொண்டிருக்கிறேன். தபாலாபீஸ் கட்டத்தை விட்டுவிட்டேன். அப்பாவை அவள் வெறுக்கக் கூடாது. நான் பரீட்சை எழுதுவது மட்டும் போதும்.

பின்னால் நின்று பார்த்துவிட்டார். "நான் சன்னல்கிட்ட நிக்கிறது எங்க?"

"வேண்டாம்."

"போடு ரோசா. என்ன உட்டுட்டு உன்ன மட்டும் மாட்டி உடுவியா? ரெண்டு பேரும்தான."

போட்டேன். பாரத்தை மடிக்கிற கையைப் போட மூன்று தாள் வீணாயிற்று.

6-1-1974, ஞாயிறு

காட்டினோம்.

மொத்தம் பதினோரு கட்டம். சின்ன ட்ராலி ரயில் பாதையை விட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பாயில் குழந்தை. தபாலாபீஸ் சன்னலில் அப்பா. பரீட்சை அறையில் நான். கம்பவுண்டர். ஆஸ்பத்திரி. கடைசியில் நான் கூப்பிடுகிறேன், குழந்தை திரும்பவில்லை.

லூர்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழந்தையைத் தொட்டு, நானா? ஆமாம். எழுதுகிறவளைத் தொட்டு, நீயா? ஆமாம். சன்னலில் இருப்பவரைத் தொட்டு, அவரைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பாயில் குழந்தை படுத்திருக்கும் கட்டத்தில் நின்றாள். நான் குழந்தையைத் தனியாகப் போட்டிருந்தேன். தலையை ஆட்டினாள், இல்லை. பென்சிலை எடுத்து, பாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆளைப் போட்டாள். மீசை. கையில் துணி, துணியிலிருந்து சொட்டும் தண்ணீர். அந்த ஆளின் வாயைப் பெரிதாகத் திறந்து வைத்தாள். வாயிலிருந்து ஒரு வட்டம் போட்டாள். அவள், வட்டம் போட்டாள். உள்ளே எழுத்து இல்லை. அலை அலையாகக் கோடு, ஓரம் வரைக்கும் நிறைய.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாடினேன்" என்றார். "துணி நனைச்சிப் போட்டுக்கினே பாடினேன். கோயில் பாட்டு ரெண்டுதான் தெரியும், அதையே திருப்பித் திருப்பி. நாலு நாளும். அவ... அது அவளுக்கு எப்படி..."

லூர்து எழுந்து போய் அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, அவர் தொண்டைமேல் கையை வைத்தாள். பாடு என்கிறாள். அந்த மனிதர் அழுதுகொண்டே பாடினார். குப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னவோ ஏதோ என்று பார்த்தாள். பாடட்டும் என்று கை காட்டினேன்.

நாங்கள் எதற்குப் பயந்தோமோ அதை அவள் ஒரு தரம் பார்த்து ஒதுக்கி வைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது அந்தப் படத்தில் விட்டுப்போயிருந்த ஆள்தான்.

7-1-1974, திங்கள்

கோதைநாயகி டீச்சரிடம் நானே போனேன். "உங்க அத்தை பொண்ணுக்கு ஒரு கடிதம் எழுத முடியுமா?" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்தார். "ஆகஸ்ட் மாசமே வாங்கி வச்சேன். நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன்" என்றார்.

16-5-1974, வியாழன்

மதராஸ் பள்ளியில் இன்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ரயில் வேலைநிறுத்தம், ஒரு வண்டியும் இல்லை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போய் லாரி லாரியாகக் கேட்டார். கலியன் என்கிற டிரைவர் மிளகாய் மூட்டை ஏற்றிப் போகிறவர், ஏற்றிக்கொண்டார். "பாப்பாவ சன்னலாண்ட குந்த வையிம்மா, காத்து வரும். நெடி தாங்காது."

மூன்று பேரும் தும்மிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு டீச்சர் லூர்துவின் கையைத் தன் தொண்டையில் வைத்து ஏதோ சொன்னார். லூர்து என்னைப் பார்த்தாள். இது எனக்குத் தெரியுமே என்று முகம். ஜூன் பத்தாம் தேதி கொண்டுவந்து விடச் சொன்னார்கள்.

9-6-1974, ஞாயிறு

பெட்டி கட்டினேன். இரண்டு பாவாடை, நாலு கவுன், தட்டு, டம்ளர். நோட்டுகள் மூன்றையும் வைத்தாள். நான் அழுவேனோ என்று பார்த்துக்கொண்டே வைத்தாள்.

10-6-1974, திங்கள்

விட்டுவிட்டு வந்தோம். கேட்டருகில் கவுனைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கையாட்டினாள்.

30-6-1974

வீடு சும்மா இருக்கிறது. பென்சில் சீவி வைத்தேன். எதற்கு?

9-2-1975, ஞாயிறு

நாளை மறுநாள் அவளுக்குப் பதினொரு வயது முடிகிறது. பார்க்கிற நாள் இன்றுதான். கேழ்வரகு அடை சுட்டு, டப்பா நிறைய எடுத்துப் போனோம். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்கே போய்விட்டோம். கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அம்மா அப்பாவோடு. லூர்துவைக் காணோம். வார்டன் அம்மா சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள். யாரும் பார்க்க வராத பிள்ளைகள் என்றார் வார்டன். நடுவில் லூர்து. வரைந்துகொண்டிருந்தாள். சடைக்காரி தலைக்கு மேலே தண்ணீர், சுற்றிலும் மீன், ஒரு பெரிய கதவு. எந்தக் காலம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வாண்டு அவள் முழங்கையைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தியது.

நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. எழுந்து ஓடி வருவாள் என்று டப்பாவைக் கீழே வைத்தேன்.

உள்ளங்கையைக் காட்டினாள். இருங்கள்.

மறுபடி குனிந்துகொண்டாள்.

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா ரோசா இது, நம்மள வெளிய குந்த வச்சிட்டா?"

"முடிக்கட்டும்" என்றேன். "கதவ தொறக்காம வந்தா அந்தப் பசங்க உடுமா?"

அவர் சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். நானும் சாய்ந்து உட்கார்ந்தேன். மூன்றேகாலுக்குத்தான் வந்தாள், விரலெல்லாம் மையாக. அடை ஆறியிருந்தது. நின்றபடியே நாலு தின்றாள்.